ரசீது கேட்கிறவர்

இப்போதெல்லாம் எவனும் சும்மா உதவி செய்வதில்லை. ஒரு கிழவியின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தால்கூட, இன்னொருவன் எதிரே நின்று அதைப் படம் பிடிக்கிறான். இலவசம் என்று போர்டு மாட்டுகிறார்கள்; உள்ளே போனால் பேரை எழுது, போன் நம்பரை எழுது, கீழே கையெழுத்துப் போடு என்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் குடிக்கிற தண்ணீருக்கும் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த ஹாலின் வாசலில் நின்றுகொண்டு ஷட்டர்க்காரர் இதைத்தான் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆளின் காதிலும் விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"மாமா, மெதுவா."

"எதுக்கு மெதுவா? திருடிட்டா வந்திருக்கேன்?"

"வந்தவங்க பேரை எழுதறாங்க. உங்களுக்கும் சேத்து நானே எழுதிட்டேன்."

"கையெழுத்து?"

"போடல மாமா. வெறும் பேருதான்."

"பேரும் எதுக்கு?" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். கையில் ஒரு துணிப்பை. அதில் என்ன என்று பஸ்ஸில் வரும்போதே மருமகள் கேட்டாள். ஸ்பேனர் என்று சொல்லியிருந்தார். ஸ்பேனர் இல்லை. பிஸ்கட் டின். அதற்குள் இருந்தது அவளுக்குத் தெரியக்கூடாத சமாச்சாரம்.

எழுபத்தோரு வயது. நாற்பத்தெட்டு வருஷமாக ஷட்டர் வேலை. கடைவீதியில் எந்த ஷட்டர் எந்த ஓசையில் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். மருந்துக்கடை ஷட்டர் இருமும்; செருப்புக்கடை ஷட்டர் பாதியில் நின்று யோசிக்கும். ஓரத்துப் பள்ளத்தில் கிரீஸ் தடவி, வளைந்த தகட்டைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி, மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கி விடுவார். ஸ்பிரிங்கை முறுக்கும்போது மட்டும் யாரையும் பக்கத்தில் நிற்க விடமாட்டார். கை தவறினால் அது மூஞ்சியைப் பெயர்த்துவிடும்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார், உதடு அசையும். ஆனால் ஒன்று: ரசீது இல்லாமல் யாருக்கும் ஒரு காசு கொடுத்தவர் இல்லை. இரும்புக்கடை, வாடகை, மின்சாரம், எதுவானாலும் சரி. ஒருமுறை டீக்கடையிலும் கேட்டுவிட்டார். டீக்கடைக்காரரும் குறும்புக்காரர், சிகரெட் அட்டையைக் கிழித்து 'டீ ஒன்று, சர்க்கரை கம்மி, காசு வந்தது' என்று எழுதிக் கொடுத்தார். கடையே சிரித்தது. இவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பாதிப் பேருக்கு அவர் ஷட்டர்க்காரர், மீதிப் பேருக்கு ரசீது.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் மூன்று வாரம் முன்பு கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. மகன் டெலிவரி வண்டி வாங்க ஒரு கம்பெனியில் கடன் வாங்கியிருந்தான். இரண்டு வருஷம் ஓட்டினான். ஒரு நாள் சிக்னலில் வண்டியை நிறுத்தினான், பச்சை விழுந்தது, எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு இறங்கி வந்து பார்த்தபோது ஸ்டீயரிங்மேல் சாய்ந்திருந்தான். பதினாறாம் நாள் கம்பெனிக்காரர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதோடு முடிந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். இப்போது கடிதம் சொன்னது: பாக்கிக் கடனை ஷட்டர்க்காரர் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அவருடைய பட்டறையை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. அதற்கான விசாரணைதான் இந்த வியாழக்கிழமை.

பட்டறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கீழே பட்டறை, மேலே இரண்டு அறை. அதில்தான் அவரும் மருமகளும் இருந்தார்கள். அது போனால் தெருதான்.

மருமகள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஆவி பறக்கும் படுக்கை விரிப்புகளை மெஷினில் விட்டு மடிக்கிற வேலை. அங்கே யாரோ சொல்லி, இலவசமாக வழக்கு நடத்தும் ஆபீசுக்குப் போனாள். மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன வக்கீல் அம்மா வழக்கை எடுத்துக்கொண்டாள். வக்காலத்துத் தாளை மருமகள் மூன்று தடவை வாசித்துக் காட்டிய பிறகுதான் இவர் கையெழுத்துப் போட்டார். அதற்கும் ரசீது கேட்டார் என்பது வேறு விஷயம்.

அந்தச் சின்ன வக்கீல்தான் இங்கே வரச் சொன்னது. கடன் வசூல் ஆட்கள் செய்கிற அக்கிரமத்துக்கு எதிராக நிற்க விரும்புகிற வக்கீல்களுக்கு ஒரு நாள் பயிற்சியாம். அடிபட்டவர்களே வந்து நடந்ததைச் சொன்னால் வக்கீல்கள் கற்றுக்கொள்வார்களாம்.

"கத்துக்கிட்டுதானே கோட்டு மாட்டினாங்க? இன்னும் என்ன பயிற்சி?" என்றார் இவர். "நான் கத்துக்கறேன்னு சொல்லி ஒருத்தன் கடையில ஷட்டர் மாட்டினா விடுவானா?"

"அவங்க காசு வாங்காம வாதாடறாங்க மாமா. ஒரு நாள் போய் உக்காந்தா என்ன?"

"அதான் சொல்றேன். காசு வாங்கலன்னா வேற எதையோ வாங்கறாங்கன்னு அர்த்தம்."

சொன்னாரே தவிர வந்துவிட்டார். வியாழக்கிழமை நெருங்க நெருங்க அவருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. ஹாலுக்குள் நான்கு மின்விசிறிகள் சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தன. முப்பது வக்கீல்கள். கறுப்புக் கோட்டுகளை நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றினால் இவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். மருமகள் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இவரை முன்னால் உட்கார வைத்தார்கள்.

பாடம் நடத்தியது ஒரு பெரிய வக்கீல் அம்மா. அறுபத்தைந்து இருக்கும். வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசினாள். குரல் எண்ணெய் காணாத ஷட்டர். வசூல் ஆள் எந்த நேரத்தில் வரக்கூடாது, யார் முன்னால் பேசக்கூடாது, என்ன சொல்லி மிரட்டக்கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இவருக்குக் கண் சொக்கியது. நடுவில் ஒரு வக்கீல் கை தூக்கியது காதில் விழுந்தது.

"மேடம், கட்சிக்காரர் கையில ரசீது இருந்தா நமக்குப் பலம்தானே?"

ஷட்டர்க்காரர் கண்ணைத் திறந்தார். "பின்னே?" என்றார் சத்தமாக.

ஹால் சிரித்தது. பெரிய வக்கீல் சிரிக்கவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதை டீக்கு அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

டீ வந்தது. கையெழுத்துக் கேட்கவில்லை. இவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே குடித்தார்.

டீ முடிந்ததும் மேடையில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒரு வழுக்கைத்தலை வக்கீல் வசூல் ஆளாக நடிப்பாராம். கம்பெனியின் வசூல் ஆள் முதல்முறை வீட்டு வாசலில் வந்து நின்றபோது நடந்ததை ஷட்டர்க்காரர் அப்படியே செய்து காட்ட வேண்டுமாம்.

"நாடகம் போடறதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒரு அஞ்சு நிமிஷம் பெரியவரே" என்றாள் சின்ன வக்கீல், கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டே. "அன்னிக்கு என்ன தோணுச்சோ அதையே பேசுங்க."

வழுக்கை வக்கீல் காற்றிலேயே கதவைத் தட்டினார். பிறகு குரலை இறக்கினார். அடுத்த தெருவுக்குக் கேட்காத, பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"பெரியவரே, நான் சண்டைக்கு வரல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பையன் போயிட்டான். அவன் பேரு போகலாமா?"

ஷட்டர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வந்தவன் சென்ட் பூசியவன்; வியர்வையும் சென்ட்டும் கலந்த அந்த வாசனைகூட இப்போது மூக்கில் ஏறியது. இதே வார்த்தை. 'அவன் பேரு போகலாமா' வரைக்கும் இதே வார்த்தை.

"வண்டியத்தான் எடுத்துட்டீங்களே" என்றார்.

"வண்டி வித்தது வட்டிக்கே பத்தல. நாலு பேர் பாக்கற மாதிரி நான் தினம் வந்து நிக்கறது உங்களுக்கு அழகா? ஏதோ உங்களால முடிஞ்சது. இன்னிக்கு ஒரு சின்னத் தொகை. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"எனக்கும் அந்தக் கடனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லீங்க. தகப்பனாச்சேன்னு கேக்கறேன். பாவம், உங்க மருமகளுக்குத் தெரியவே வேண்டாம். சின்ன வயசு. தாங்காது."

அப்போதுதான் அது நடந்தது. ஷட்டர்க்காரரின் கை சட்டைப் பைக்குள் போனது. மூன்று நோட்டுகளை எடுத்தார். நிஜ நோட்டுகள். பஸ்ஸுக்கும் மருந்துக்கும் வைத்திருந்தது. எச்சில் தொட்டு எண்ணி நீட்டினார்.

"ரசீது குடு. ரசீது இல்லாம நான் ஒரு காசு தரமாட்டேன்."

வழுக்கை வக்கீலின் முகத்தில் நடிப்புக் கலைந்துவிட்டது. அவர் பெரிய வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். அவள் 'நடத்து' என்று கண்ணைக் காட்டினாள். அவர் தயாராக வைத்திருந்த ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்.

"அடிக்கட்டையில ஒரு கையெழுத்து. உங்க பாதுகாப்புக்குத்தான்."

புத்தகத்தோடு தங்கிவிடும் அந்தத் துண்டில் இவர் போட்டார். ரசீதைக் கிழித்து வாங்கி மடித்தார். அதன் பிறகே தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்தது. முப்பது பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை மாசம் இப்படிக் கொடுத்தீங்க?" என்றாள் பெரிய வக்கீல்.

மறைத்து என்ன பண்ணுவது? துணிப்பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். பின்னால் திரும்பாமலே சொன்னார். "பதினாலு மாசம். பதினாலு ரசீது. ஒண்ணுகூடத் தொலையல. காட்டுங்க கோர்ட்டுல. நான் ஏமாந்தவன் இல்லை."

"பெரியவரே, ரசீதுல நீங்க குடுத்த தொகை மட்டும்தான் இருக்கும். இப்ப அடிக்கட்டையில எதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டீங்கன்னு வாசிங்க" என்றாள் பெரிய வக்கீல்.

வழுக்கை வக்கீல் புத்தகத்தை நீட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஷட்டர்க்காரர் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். உதடு அசைந்தது.

"இறந்து... போனவர்... வாங்கிய கடன்... முழுவதற்கும்... நானே... பொறுப்பு என்று... ஏற்று..."

அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை.

"கம்பெனி கோர்ட்டுல குடுத்த அடிக்கட்டை நகல் நேத்து சாயங்காலம்தான் எனக்குக் கிடைச்சுது" என்று சின்ன வக்கீல் ஒரு கட்டுத் தாளை விரித்தாள். பதினான்கு தாள். எல்லாவற்றிலும் அதே வரி. எல்லாவற்றின் கீழும் அவர் கையெழுத்து, பள்ளிக்கூடப் பையன் போட்டது போல, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

"அப்ப... அதுக்கு முன்னாடி அது என் கடன் இல்லையா?"

"இல்லை" என்றாள் பெரிய வக்கீல். "நீங்க ஜாமீன் போடல. உங்க பட்டறையை மகன் அடமானம் வைக்கல. முதல் நாள் நீங்க கதவைச் சாத்தியிருந்தா அவங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்க மேல கேஸ் போட அவங்க கையில இருக்கற ஒரே பிடி இந்தக் கையெழுத்துதான்."

நாற்பத்தெட்டு வருஷத்தில் இரண்டு தடவை ஸ்பிரிங் அவர் கையிலிருந்து விடுபட்டிருக்கிறது. இரண்டு தடவையும் முதலில் வலி தெரியாது. ஒரு வெள்ளையான சத்தம் மட்டும் கேட்கும். இப்போதும் அதுதான் கேட்டது.

கடைசி வரிசையில் சாப்பாட்டு டப்பா தரையில் விழுந்து உருண்டது. மருமகள் எழுந்து நின்றாள். நாற்காலிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடையோரம் வந்து கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். உறை வழியே தெரிந்தவை, டின்னுக்குள் இருந்தவை மாதிரியே பச்சை ரசீதுகள்.

"என்னம்மா இது?"

"எங்கிட்டயும் வந்தாரு மாமா. லாண்டரி வாசல்ல. சம்பளத்தன்னிக்கு."

"யாரு? சென்ட்டுக்காரனா?"

"அவருதான். மாமாவுக்கு நெஞ்சு சரியில்ல, கடன் இருக்கறது தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு, நீயே கட்டி முடிச்சிடும்மான்னாரு. பதினோரு தடவை குடுத்திருக்கேன்."

"எனக்கு நெஞ்சுல என்ன கேடு? எவன் சொன்னது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா நீங்க எப்ப ஒழுங்கா பதில் சொல்லியிருக்கீங்க?"

ஷட்டர்க்காரர் அவள் காலைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவள் லாண்டரிக்கு நடந்தே போய் வந்தாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள். செருப்பின் குதிகால் காகிதமாகத் தேய்ந்திருந்தது. அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு இப்போது என்ன அவசரம் என்று மூன்று முறை தள்ளிப் போட்டவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் வயிற்றைக் கட்டி, ஒருவருக்கொருவர் தெரியாமல், யாரும் தர வேண்டாத கடனைத் தந்திருக்கிறார்கள்.

"லூசாடி நீ? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொன்னீங்களா? ஸ்பேனர்னு சொன்னீங்க."

முப்பது வக்கீல்களும் எழுதவில்லை. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சின்ன வக்கீல் மருமகளின் ரசீதுகளைக் கம்பெனித் தாள்களோடு ஒத்துப் பார்த்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "மேடம், இந்தப் பதினொண்ணும் அவங்க கோர்ட்டுல குடுத்த கணக்குலயே இல்லை. வரவு வைக்கவே இல்ல."

பெரிய வக்கீல் ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். "எல்லாரும் இதை எழுதிக்கோங்க. வர்ற கட்சிக்காரரை மட்டும் கேட்டா போதாது. வீட்டுல மத்தவங்க யாராவது குடுத்தாங்களான்னும் கேளுங்க. தனித்தனியாக் கேளுங்க."

"அது எப்படிய்யா" என்றார் ஷட்டர்க்காரர். அவருக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. வழுக்கை வக்கீல் பக்கம் திரும்பினார். "அவன் பேசினதை நீங்க எப்படி அட்சரம் பிசகாம பேசினீங்க? அன்னிக்கு என் வாசல்ல நின்னீங்களா?"

வழுக்கை வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய வக்கீல்தான் சொன்னாள்.

"அவங்களுக்கும் வகுப்பு உண்டு பெரியவரே. நம்ம வகுப்புக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. பாடப் புஸ்தகமே இருக்கு. வேற ஒரு கேஸுல கோர்ட்டு மூலமா எங்க கைக்கு வந்தது."

ஒரு பழுப்புப் புத்தகம். ஆட்களை வகை வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அழுகிறவர். கத்துகிறவர். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ போகிறவர். சின்ன வக்கீல் ஒரு பக்கத்தைத் திருப்பிச் சட்டென்று மூடினாள். "வேண்டாம் மேடம்" என்றாள்.

"கொடும்மா. எனக்கும் எழுத்துத் தெரியும்" என்று ஷட்டர்க்காரர் வாங்கிக்கொண்டார்.

வகை ஏழு. ரசீது கேட்கிறவர். அவர் உதடு அசைய அசைய, ஹால் முழுக்கக் கேட்டது.

"இவர்... யாரையும் நம்ப மாட்டார். இவரிடம்... வாதாட வேண்டாம். ரசீது இருந்தால்தான் காசு என்பார். நமக்கு வேண்டியதும் அதுவே. உடனே கொடுக்கவும். ரசீது கையில் இருக்கும்வரை... இவர்... வேறு எதையும்... பார்க்க மாட்டார்."

அவர் இன்னொரு தடவை வாசித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல். அவரை ஒருவரும் பார்க்காத ஊரில், அவரைத் தெரியாத எவனோ ஒருவன், மேசையில் உட்கார்ந்து அவரை எழுதி வைத்திருக்கிறான். அவர் டீக்கடையில் வாங்கிய சிகரெட் அட்டை ரசீதுவரைக்கும் தெரிந்தவன் மாதிரி.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை மேடையேத்தினீங்களா?" என்று பெரிய வக்கீலைக் கேட்டார்.

"உங்க அடிக்கட்டை தெரியும். உங்க மருமகளோடது தெரியாது. ஆமா, தெரிஞ்சேதான் ஏத்தினேன். வியாழக்கிழமை அவங்க வக்கீல், 'இது உங்க கையெழுத்தா'ன்னு மட்டும்தான் கேப்பாரு. அங்க முதல் தடவையா இடிஞ்சு போறதுக்கு, இங்கயே இடிஞ்சு போறது நல்லது."

"இடிஞ்சது நானு. நல்லதுன்னு சொல்றது நீங்க."

"கோவிச்சுக்கோங்க. ஆனா இந்த இருபத்தஞ்சு ரசீதும் எங்களுக்கு வேணும். ஒரே கடனுக்கு ரெண்டு பேருகிட்ட, ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர்கிட்ட வாங்கியிருக்கான். உங்ககிட்ட வாங்கின கையெழுத்தும் ஏமாத்தி வாங்கினதுன்னு நாங்க சொல்ல இது போதும். ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். நிக்க முடியும்."

சின்ன வக்கீல் ஒரு தாளில் இருபத்தைந்தையும் எண்ணித் தேதி போட்டு எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். "உங்க ரசீதுகளுக்கு நான் தர்ற ரசீது பெரியவரே. ஜெராக்ஸ் எடுத்துக் கோர்ட்டுல காட்டிட்டுத் திருப்பித் தந்துடுவேன். பின்பக்கம் வெறும் தாள்தான், பாருங்க."

ஷட்டர்க்காரர் பின்பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கத்தையும் பார்த்தார். பிறகு அந்தத் தாளை டின்னுக்கடியில் செருகி, டின்னை மூடி, அவள் பக்கம் தள்ளினார்.

"வேணாம். வெச்சுக்கோ."

மேசையிலிருந்த தன் மூன்று நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வக்கீல்கள் வழிவிட்டு எழுந்து நின்றார்கள். யாரோ கைதட்டப் போய், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துவிட்டார்.

வாசலில் மேசைக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். "வந்து போற பஸ் செலவுக்குக் காசு தர்றோம் ஐயா. இங்க ஒரு கையெழுத்து."

ஷட்டர்க்காரர் நின்றார். அந்தக் காகிதத்தை இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வெயிலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். மருமகள் பின்னால் ஓடி வந்தாள்.

"மாமா, அவங்க எழுதித் தந்த ரசீதை வாங்கலயா? டின்னைச் சும்மா குடுத்துட்டா வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப அவங்களை நம்பறீங்களா?"

"எவ சொன்னது? இவங்க புஸ்தகத்துல நான் எத்தனாவது பக்கமோ, யார் கண்டா?" அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு திருப்பம் போனதும் மூன்று நோட்டில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீ பஸ்ல போ. செருப்பு தாங்காது."

"நீங்க?"

"நான் நடக்கறேன்."

அவள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தாள். அது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல், வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு நடந்தார்.